ஜெபித்தவர்களையும் கடல் கொண்டுபோனதே!

கேள்வி கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்டது. கணவர் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குத் தொழிலுக்குப் போகிறவர். போனால் வாரக்கணக்கில் சத்தமே இருக்காது. ஒகிப் புயலில் குடும்பத்தில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். படகில் பங்கு எடுக்க வாங்கிய கடன் வேறு இருக்கிறது. அவர் எழுதியதன் சுருக்கம் இது: "தினமும் திருப்பாடல் 91 வாசிக்கிறேன். ஆபத்து அணுகாது என்று அதில் இருக்கிறது. ஒகி அன்றைக்கும் இதைத்தானே வீட்டுக்கு வீடு வாசித்தார்கள்? பயப்பட்டாலே விசுவாசம் இல்லை என்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. ஆறு வயது மகன், 'அப்பாவ மாதா பாத்துக்கிடுவாங்களா?' என்று கேட்கிறான். என்ன சொல்ல?"

என் பதில் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்குளம் பக்கத்து ஆள். சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் வேதபாட வகுப்பு எடுத்த பழக்கம் உண்டு. கடல் தொழில் தெரியாது. 2017 நவம்பர் 30 அன்று எங்கள் பக்கமும் ஒகி அடித்தது. ரப்பர் மரங்கள் வரிசையாக முறிந்தன, வாழை மொத்தமும் படுத்தது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனால் மரம் போனவனும் மகன் போனவளும் ஒரே வரிசையில் உட்கார முடியாது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

91-லிருந்தே தொடங்குவோம். (கத்தோலிக்கரான நீங்கள் திருப்பாடல் என்பீர்கள், நாங்கள் சங்கீதம் என்போம், எண் ஒன்றுதான்.) "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்ற வசனத்தை வீட்டு வாசலில் ஒட்டிவைக்காத கிறிஸ்தவக் குடும்பம் நம் மாவட்டத்தில் குறைவு. ஆனால் இந்தச் சங்கீதம் புதிய ஏற்பாட்டில் எங்கே எடுத்துச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். இயேசுவைத் தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, "தாழக் குதியும், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள்" என்று சொல்கிறானே பிசாசு, அவன் வாயில்தான் வருகிறது. வசனம் பொய் என்று இயேசு சொல்லவில்லை. அதைக் காட்டிக் கடவுளைச் சோதித்துப் பார்க்க மாட்டேன் என்றுதான் மறுத்தார். இந்த வசனத்தை ஒரு இன்சூரன்ஸ் பாலிசி மாதிரி பிடித்துக்கொண்டால், யாராவது திரும்பி வராத அன்றைக்குக் கடவுள் ஏமாற்றியதாகத்தான் தோன்றும். அதே சங்கீதத்தின் கடைசிப் பகுதியில் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று ஒரு வரி வருகிறது. ஆபத்துக்குள்ளே இருக்கிறவனிடம்தான் அப்படிச் சொல்ல முடியும். பாடியவருக்கு ஆபத்து வரும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சரி, அப்படியானால் ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவரை விட்டதற்குக் காரணம் என்ன? நீங்கள் நேராகக் கேட்காவிட்டாலும் உங்கள் கேள்விக்கு அடியில் கிடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். அதில் இரண்டு மீன்பிடிகாரர்கள் வருகிறார்கள். ஒருவர் செபெதேயுவின் மகன் யாக்கோபு, இன்னொருவர் பேதுரு. இரண்டு பேரும் கலிலேயாக் கடலில் வலை வீசியவர்கள், இரண்டு பேரும் இயேசுவுக்கு மிகவும் நெருக்கமானவர்கள். ஏரோது ராஜா யாக்கோபை வாளால் வெட்டிக் கொன்றான். அப்புறம் பேதுருவைப் பிடித்துச் சிறையில் போட்டான். சபை பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபித்தது. தூதன் வந்து சங்கிலியை அவிழ்த்து வெளியே கூட்டிவந்தான். யாக்கோபுக்காக யாரும் ஜெபித்திருக்க மாட்டார்களா? அவருடைய அம்மா ஜெபிக்காமல் இருந்திருப்பாரா? ஒரே அதிகாரம், ஒரே ராஜா, ஒரே சபை. ஒருவர் செத்தார், ஒருவர் தப்பினார். அந்த நூலை எழுதிய லூக்கா இதற்கு ஒரு வரிகூட விளக்கம் எழுதவில்லை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்றும் எழுதவில்லை, பேதுருவுக்கு அதிகம் என்றும் எழுதவில்லை. இன்னும் பார்த்தால், பேதுரு வந்து கதவைத் தட்டியபோது உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்பவில்லை. செய்தி சொன்ன ரோதை என்ற பெண்ணை "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள். அவ்வளவுதான் அந்த ஜெபக்கூட்டத்தின் விசுவாசம்.

லூக்கா விளக்காமல் விட்டதை நம் ஊர் மேடைகளில் சுலபமாக விளக்கிவிடுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் சுனாமி வாரிக்கொண்டு போனவர்களில் சின்னப் பிள்ளைகள் எத்தனை! அதைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பேசியவர்கள் இருந்தார்கள். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்ததைக் குறித்து இயேசுவே பேசியிருக்கிறார்: எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ? அப்படியல்ல. அதற்கு அடுத்த வரியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்கள்மேல் ஒரு சொல்லும் போடவில்லை.

சாட்சி சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாரும் போனார்கள், கர்த்தர் என் மகனை மட்டும் காப்பாற்றினார்" என்று ஒருவர் ஆலயத்தில் நின்று சொல்லும்போது, மூன்றாவது வரிசையில் மகனைக் கடலுக்குக் கொடுத்தவர் உட்கார்ந்திருக்கிறார். பிழைத்து வந்தவர்கள் நன்றி சொல்லட்டும், தாராளமாகச் சொல்லட்டும். அந்த 'மட்டும்' இல்லாமல் சொல்லலாம். பிழைத்ததற்குக் காரணம் தன்னுடைய உபவாசமும் காணிக்கையும் என்று அடுக்க ஆரம்பித்தால் அது நன்றியில் சேராது, அடுத்தவர் வீட்டு எழவில் தன்னை மெச்சிக்கொள்வதில்தான் சேரும். இப்படிப்பட்ட சாட்சிகளைக் கேட்டு உங்களுக்கு நெஞ்சு எரிந்திருந்தால் அது விசுவாசக் குறைவு ஆகாது.

நம் மாவட்டத்துப் புனிதரையே எடுத்துக்கொள்வோம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனைச் சேவகத்தில் இருந்தார். குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம், மாடுகள்கூடச் செத்தன என்று சொல்லப்படுகிறது. மனம் உடைந்து இருந்தவருக்கு, வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனி அதிகாரி. உதயகிரிக் கோட்டைக்குள் இப்போதும் அவர் கல்லறை இருக்கிறது. யோபுவின் கதை கேட்ட நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் மேடைப் பிரசங்கத்துக்கு வசதியாக இருக்கும்: விசுவாசித்தார், மாடுகள் திரும்பக் கிடைத்தன! நடந்தது வேறு. 1749-இல் கைது. விலங்கு, அடி, புண்ணில் மிளகாய், எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர்வலம். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். 1752 ஜனவரி 14 இரவு ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் முழங்கையால் இடித்த பாறையில் தண்ணீர் வந்தது என்று மக்கள் சொல்கிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று இன்றைக்கும் போய்ப் பார்த்துத் தண்ணீர் எடுக்கிறார்கள். தண்ணீர் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். விலங்கு கழன்றதா? இல்லை. அவர் கேட்டதும் யோபுவின் கதைதான், நெருப்பில் விழாமல் தப்புகிற கதை அல்லவே. 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது கோட்டாறு மறைமாவட்டமே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் நாம் கும்பிட்டது, கடவுள் தப்புவிக்காத ஒருவரை. இதை யாரும் ஒளிக்கவில்லை. ஆனாலும் நம் சொந்த ஆபத்து வரும்போது மறந்துவிடுகிறோம்.

யோபுவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்தப் புத்தகத்தில் எல்லாரும் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு. "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்று யோபு சொன்னது காலண்டரில்கூட வரும். அதே மூச்சில், என் நியாயத்தை அவர் முகத்துக்கு நேராகவே எடுத்து வைப்பேன் என்றும் சொல்கிறார். அதைக் காலண்டரில் போட மாட்டார்கள். புத்தகம் முழுக்க அவர் கடவுளோடு வழக்காடுகிறார், பிறந்த நாளைச் சபிக்கிறார். துக்கம் கேட்க வந்த நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. அப்புறம் பேச ஆரம்பித்தார்கள். கடவுளுக்கு வக்கீலாக நின்று யோபுவின்மேல் குற்றம் சுமத்தினார்கள். கடைசியில் கடவுள் யாரைக் கோபித்தார்? அந்த வக்கீல்களைத்தான். கத்தினவனைப் பார்த்து, என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசினவன் இவன்தான் என்றார்.

ஆகவே நீங்கள் ராத்திரியில் கடவுளிடம் சண்டை போட்டால், போடுங்கள். சண்டை போடவும் எதிரே ஒருவர் இருக்கிறார் என்று நம்ப வேண்டுமே. 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதியிலாவது முடியும். இது இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

பயம் வந்தாலே விசுவாசம் இல்லை என்று உங்களிடம் சொன்னவர் யாரோ தெரியாது. புயலில் இயேசுவோடு இருந்தவர்களில் நான்கு பேராவது தொழில்முறை மீன்பிடிகாரர்கள். காற்றைப் பார்த்துப் பழகினவர்கள் அலறினார்கள் என்றால் அது சாதாரணக் காற்றாக இருந்திருக்காது. "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" இதில் பக்தியும் இல்லை, மரியாதையும் இல்லை. ஆனால் மாற்கு எழுதியிருக்கிற வரிசையைக் கவனியுங்கள். அவர் எழுந்து முதலில் காற்றை அதட்டினார், கடல் அமர்ந்தது. ஏன் பயப்பட்டீர்கள் என்று கேட்டது அதற்கு அப்புறம். முதலில் விசுவாசத்தைச் சரிபண்ணு, பிறகு காப்பாற்றுகிறேன் என்று சொல்லவில்லை.

தாவீது இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." 56-ஆம் சங்கீதம், பெலிஸ்தர் காத் ஊரில் அவரைப் பிடித்தபோது பாடியது என்று தலைப்பு சொல்கிறது. அந்த ஊரில் அவர் என்ன செய்தார்? பைத்தியம் மாதிரி நடித்து, தாடியில் எச்சில் வடியவிட்டுத் தப்பினார். ஜெபமும் உண்டு, தந்திரமும் உண்டு, பயமும் கூடவே உண்டு. மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே நாளில்.

உங்களைப் போன்ற கடலோரக் குடும்பங்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியது அப்போஸ்தலர் 27 என்பது என் அபிப்பிராயம். பவுல் கைதியாக ரோமுக்குப் போகிறார். பருவம் தவறிவிட்டது, போக வேண்டாம் என்று எச்சரிக்கிறார். கைதிகளைக் கொண்டுபோகிற ரோமப் படைத் தலைவனான நூற்றுக்கதிபதி கப்பல்காரர் சொன்னதை நம்புகிறான். யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்றில் மாட்டுகிறார்கள். பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. "இனித் தப்பிப்பிழைப்போமென்னும் நம்பிக்கை முழுமையும் அற்றுப்போயிற்று" என்று எழுதுகிறார் லூக்கா. தன்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்.

அப்புறம் தூதன் பவுலிடம் வந்து, கப்பல் போகும், உயிர் ஒன்றும் போகாது என்று வாக்குக் கொடுக்கிறான். அதோடு பவுல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாரா? பதினாலாம் ராத்திரி விழுது விட்டு ஆழம் பார்க்கிறார்கள், 20 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி). கொஞ்சம் தள்ளி 15 பாகம். பாறையில் மோதிவிடுவோம் என்று கப்பலின் பின்பக்கத்தில் நாலு நங்கூரம் போடுகிறார்கள். கப்பலாட்கள் மட்டும் படகை இறக்கி நழுவப் பார்க்கிறபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்கிறார் பவுல். கடவுளின் வாக்கு கையில் இருக்கிறவர்தான் மாலுமிகள் இல்லாமல் முடியாது என்கிறார்! விடிவதற்குள் எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். 276 பேரும் கரை சேர்ந்தார்கள், சிலர் நீந்தி, சிலர் பலகையைப் பிடித்துக்கொண்டு.

இதை ஒகியோடு வைத்துப் பாருங்கள். எச்சரிக்கை வந்தபோது ஆழ்கடலுக்குப் போன படகுகள் பல, நாள்கள் முன்பே போய்விட்டவை. செல்போன் எட்டாத தூரம். தேடிப் போவதற்கு ஆள் இல்லை என்று உங்கள் ஊர்க்காரர்களே படகை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். தேடுதலை ஒழுங்காக நடத்தச் சொல்லி டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், பங்குத்தந்தையரும் கூடவே. ஜெபிப்பதை விட்டுவிட்டுப் போராடப் போய்விட்டார்கள் என்று அன்றைக்கு யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. நான் அதை நாலு நங்கூரம் போட்ட கணக்கில்தான் சேர்ப்பேன். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்தில் மணல் சேர்ந்து, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வள்ளம் கவிழ்ந்து செத்தவர்கள் உண்டு. அங்கே அலைத்தடுப்பை நீட்டக் கேட்டு மனுக் கொடுப்பதும் விசுவாசத்தோடு செய்கிற வேலைதான்.

எனவே உங்கள் கணவர் அடுத்த தடவை கிளம்பும்முன் குருசடியில் (சிலுவை நிற்கும் சிறு ஆலயம்) மெழுகுதிரி கொளுத்துங்கள். கூடவே லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கிறதா, வயர்லெஸ் செட்டும் சாட்டிலைட் போனும் வேலை செய்கிறதா, படகில் போகிறவர்கள் பெயர்ப் பட்டியல் கரையில் ஒருவரிடம் இருக்கிறதா, மீனவர் விபத்துக் காப்பீடு புதுப்பித்தாயிற்றா என்றும் கேளுங்கள். ஒகியில் யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கே சரியாக இல்லாமல் பட்ட பாடு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது. எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையின் கதையை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்: கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்து நிற்கிறான். எலிசா கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. அடுத்து, அக்கம்பக்கத்தில் போய்ப் பாத்திரம் கேட்டு வாங்கச் சொன்னார். எண்ணெய் அற்புதம்தான், ஆனால் அந்தம்மா தன் கஷ்டத்தைத் தெரு முழுக்கச் சொல்லாமல் அத்தனை பாத்திரம் சேர்ந்திருக்காது. உங்கள் அன்பியத்தில் (பங்கில் சில வீடுகள் சேர்ந்த குழு) நம்பகமான இரண்டு பேருக்காவது கடன் எவ்வளவு என்று தெரியட்டும். கந்துவட்டி என்றால் அதைத் தடுக்க 2003-லிருந்து சட்டம் இருக்கிறது, பங்குத்தந்தையையோ வக்கீலையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

தூக்கம் இல்லாதது மாதக்கணக்கில் என்றால் டாக்டரைப் பாருங்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணில் போனிலேயே பேசலாம், காசு கிடையாது. மருந்து சாப்பிட்டால் விசுவாசம் குறைந்துவிட்டது என்பவர்கள், ரத்த அழுத்தத்துக்குத் தாங்களே மாத்திரை சாப்பிடுகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி கிறிஸ்தவர்களோடு நிற்பதில்லை. கல்லில் கட்டிக் கடலில் போட்டாலும் நமச்சிவாயமே நல்ல துணை என்று அப்பர் பாடியதை எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அய்யாவழியைத் தொடங்கிய சாமித்தோப்பு அய்யா வைகுண்டரைத் திருவிதாங்கூர் ராஜா சிறையில் போட்ட கதையைச் சொல்லாத அய்யாவழிக் குடும்பம் கிடையாது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வேறு சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும், படகு வராத ராத்திரியில் அவரும் உங்களோடு திண்ணையில் வந்து உட்காருவார். வரட்டும்.

கடைசியாக உங்கள் மகன். "கண்டிப்பா அப்பா வந்துருவாரு, மாதா கூட்டிட்டு வந்துருவாங்க" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது நீங்கள் கொடுக்கக்கூடிய வாக்கு இல்லை. மாதாவின் பெயரில் கொடுத்தால் பின்னால் மாதாவுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிவரும். "பாத்துக்கிடச் சொல்லி நாம தினமும் கேப்போம் மக்களே, அப்பா கூட பத்து மாமா இருக்காங்க, எல்லாருகிட்டயும் ஜாக்கெட் இருக்கு" என்று சொல்லலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். "வரலன்னா?" என்று கேட்பான், கேட்காமல் இருக்க மாட்டான், ஒகியைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்கிற பிள்ளை. அப்போது பேச்சை மாற்ற வேண்டாம். "அப்பவும் அம்மா இருப்பேன், சாமியும் நம்ம கூட இருப்பாரு" என்று சொல்லுங்கள். சொல்லும்போது உங்களுக்கு அழுகை வந்தால் அவன் முன்னாலேயே அழலாம். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் கணவர் வீட்டில் இருக்கும்போது, அந்த வயர்லெஸ் செட்டில் எப்படிப் பேசுவது என்று பையனுக்குக் காட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள்.